வெயிலில் போட்ட பாலீஷ்

என் கல்யாணத்தில் அப்பாவுக்கு வேலை எதுவும் இல்லை. நான் ஏழாவது படிக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மனைவி இல்லாதவர் மணவறையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரைவார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும், அதாவது என் மாமாவும் அத்தையும், உட்காருவதாக ஏற்பாடு. புடவை எடுத்தது அத்தை. சமையலுக்கு ஆள் பேசியது மாமா. மாப்பிள்ளை வீட்டாரோடு வாய் கொடுத்து மீண்டது தரகர். ஒரே பெண்ணைப் பெற்ற மனிதர் பந்தலுக்கு வெளியே நின்று சந்தனக் கிண்ணம் நீட்ட வேண்டியதுதான் என்று ஆனபோது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். பெண்ணைத் தன் வண்டியில் தானே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்றார்.

யாரும் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடக்கும். முதல் நாள் சாயங்காலமே பெண் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். மாப்பிள்ளை ஊர் சின்னசேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் இருந்தது கள்ளக்குறிச்சிக்கு வெளியே ரோட்டோரத்தில். வண்டியில் போனால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம் என்பார் அப்பா. அவர் வெற்றிலை போடுவதில்லை.

அவருடைய வண்டி ஒரு கறுப்பு அம்பாசடர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு நிற்கும். பிரசவத்துக்குப் போகும், பஞ்சாயத்துக்குப் போகும், கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரம் வரை அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் கோபத்தோடும் செம்மண்ணோடும் திரும்பி வரும். அதை அப்பாவைத் தவிர இன்னொருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. மாமா டிராக்டர் ஓட்டுவார். அந்தத் தகுதியில் ஒருமுறை சாவி கேட்டார். டிராக்டரும் காரும் ஒன்று என்று நினைப்பவனிடம் தங்கச்சியைக்கூடக் கொடுக்கக் கூடாது என்றார் அப்பா. நல்லவேளையாக அவருக்குத் தங்கச்சி இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது தரகர் வந்து தலையைச் சொறிந்தார்.

"மாப்ள அக்கா கேக்குதுங்க, பொண்ணு கறுப்பு வண்டியிலயா வருதுன்னு. வேற கலர்ல எதுனா பாக்க முடியுமான்னு கேட்டுக்கினு வரச் சொல்லுச்சிங்க."

அப்பா கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைக் குறை சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார்.

"கறுப்புன்றது பாலீஷ் இல்லாத வண்டிக்குத்தாங்க. பாலீஷ் ஏறிட்சின்னா அது கறுப்பு இல்ல, கண்ணாடி. அந்தம்மாவையே வந்து மூஞ்சி பாத்துக்கச் சொல்லுங்க."

தரகர் இதை அப்படியே போய்ச் சொல்லிவிட்டார். ஆக, என் கல்யாணத்தில் அப்பாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. என் நாத்தனார் முகம் தெரிகிற அளவுக்கு அந்த வண்டியைத் துடைத்தாக வேண்டும்.

பாலீஷ் போடுவதில் அப்பாவுக்குக் கொள்கை உண்டு. மற்ற விஷயங்களில் அவர் விட்டுக்கொடுப்பார். முதலில் காம்பவுண்டு என்கிற பசையைப் போட்டுத் தேய்த்துப் பழைய அழுக்கை எடுக்க வேண்டும். அப்புறம் டப்பாவிலிருந்து மெழுகு பாலீஷைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். அது லேசாகப் பனி பிடித்த மாதிரி வெளுக்கும்போது மல்லு வேட்டித் துண்டால் துடைக்க வேண்டும். எல்லாம் நிழலில் நடக்க வேண்டும். தகரம் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் பாலீஷ் போடுகிறவனைப் பார்த்தால் அப்பா ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் புத்தி சொல்வார். முன்பின் தெரியாத ஆட்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கொள்கைக்கு ஆதாரம் எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் நின்ற புளியமரம். காலை முதல் மாலை வரை ஏதாவது ஒரு பக்கம் ஒரு கார் அளவுக்கு நிழல் தரும். எங்கள் வீட்டு வாசலைவிட அப்பா அந்த மரத்தடியில் இருந்த நேரம்தான் ஜாஸ்தி.

அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். ஊர் ஊராகச் சாலை மறியல். ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பஸ் ஓடாது, கடை திறக்காது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு ஒரு சவாரிக்கு மலையடிவாரம் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து இருட்டும் நேரத்தில் வரப்பிலும் வாய்க்காலிலும் ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். வண்டி செம்மண் பூசிய சுவர் மாதிரி இருந்தது. அப்பா எதிர்ப்பக்கம் திரும்பினார். மரத்தைக் காணோம். அது ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. அதன் கிளையில் உட்கார்ந்து மாமா சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். மற்ற ஊர்க்காரர்களுக்கு எந்த மரம் சுலபமாகச் சாயும் என்று காட்டிக்கொடுத்ததே அவர்தான்.

"இன்னா மச்சான் இது?" என்றார் அப்பா.

"கோபப்படாதீங்க மாமா. பெரியவனுக்கு மார்க் இருந்தும் சீட்டு கெடைக்கல. சின்னவனுக்காவது கெடைக்கணும் இல்ல?"

"அது சரி. நான் பாலீஷ எங்க வெச்சிப் போடறது?"

மாமாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த மரத்தின் நிழலிலும் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே ரோட்டில் வைக்க முடியவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று யாரோ கேட்டார்கள். ஆவணியில் அதுதான் கடைசி முகூர்த்தம். அடுத்து புரட்டாசி. அதற்குள் என் நாத்தனார் வேறு நிறத்தில் பெண்ணே பார்த்துவிடுவாள் என்றார் அத்தை.

மறுநாள் விடியும்போதே அப்பா செம்மண்ணைக் கழுவிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். சூரியன் வீட்டுக்குப் பின்னால் எழும்பும் என்பதால் வாசலில் கொஞ்ச நேரம் வீட்டின் நிழல் விழும். அந்த நிழலில் அவர் முதலில் எடுத்துக்கொண்டது பின்பக்க இடது கதவு. நான் உட்காரப்போவது அங்கே. நாத்தனார் ஆரத்தித் தட்டோடு வந்து நிற்கப்போவதும் அந்தக் கதவுக்கு எதிரில்தான். காம்பவுண்டு போட்டு, மெழுகு போட்டு, மூச்சு ஊதி ஊதித் துடைத்தார். நான் பல் துலக்க வெளியே வந்தபோது கதவில் என் முகமும் வாயில் நுரையும் தெளிவாகத் தெரிந்தன. அப்பா என்னைப் பார்க்காமல் கதவிலிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். சரியாக அப்போது சூரியன் ஓட்டுக்கு மேலே வந்தது.

வீட்டில் இன்னொரு நிழலும் இருந்தது. வாசலை ஒட்டி எனக்கு நலங்கு வைப்பதற்காகத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பா பந்தலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கைகளை விரித்து அகலம் பார்த்தார்.

"இன்னாண்ணா, பொண்ண வெயில்ல உக்கார வெச்சிட்டு வண்டிக்கு நலங்கு வெக்கலாம்னு பாக்கறீங்களா?" என்றார் அத்தை.

அப்பா விரித்த கைகளை மடக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கொஞ்சம் யோசித்தார் என்பதை நான் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததையெல்லாம் நான் பந்தலுக்குள்ளிருந்து முழுவதுமாகப் பார்த்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. முகம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தார்கள். அப்பா பானெட்டின் மேல் பாலீஷைத் தடவினார். தடவிய இடம் கை எடுப்பதற்குள் வெள்ளையாகக் காய்ந்தது. துடைத்தார், வரவில்லை. அழுத்தித் துடைத்தார், துணி பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் கை பட்டபோதெல்லாம் தோசைக்கல்லில் பட்ட மாதிரி உதறிக்கொண்டார். தண்ணீர் தெளித்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வட்டம் போட்டுக் காய்ந்தது. முன்பு பாலீஷ் திட்டு மட்டும் இருந்த இடத்தில் இப்போது பாலீஷ் திட்டும் தண்ணீர் வட்டமும் இருந்தன.

"சிரிக்காதடி, மஞ்சா வெடிச்சிடும்" என்றார் அத்தை. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பூசியதும் காய்ந்துகொண்டிருந்தது, வண்டிக்குப் பூசியதும் காய்ந்துகொண்டிருந்தது. எனக்காவது முகம் கழுவ விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு வாழ்க்கையில் வந்த யோசனைகள் கம்மி, வந்தவையும் வெயில் நேரத்தில் வந்தவை. துடைப்பதுதானே கஷ்டம்? இப்போது வண்டி முழுக்கப் பூசி வைத்துவிடுவது, வெயில் இறங்கிய பிறகு மொத்தமாகத் துடைத்துக்கொள்வது. ரோட்டில் போகிற எவனாவது இதைச் சொல்லியிருந்தால் அப்பா அவனை அடித்திருப்பார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கூரைக்கும் பூசினார், டிக்கிக்கும் பூசினார், மூன்று கதவுக்கும் பூசினார். டப்பாவின் அடியை விரலால் வழித்துப் பூசினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அந்த மனிதர் மணவறையில் உட்கார முடியாததை அந்தத் தகரத்தில் தேய்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எழுந்து போய்த் துணியை வாங்க வேண்டும் போலிருந்தது. நலங்கு வைத்த பெண் பந்தலை விட்டு இறங்கக் கூடாது.

வெயில் இறங்கியது. வண்டி முழுக்க வெள்ளையாக இருந்தது. அப்பா மல்லுத் துண்டை எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு நெருங்கினார். மெழுகு சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. தேய்த்த இடத்தில் கொஞ்சம் போய்க் கொஞ்சம் நின்று, வரி வரியாக, திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மேலே புதுப் பாலீஷ் தடவினால் பழையது இளகும் என்று அவருக்குத் தெரியும். டப்பா காலி. ஊரில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. கடையை அடைக்கச் சொல்லிப் போனவர்களிலும் மாமா இருந்தார்.

அத்தைதான் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தார். தலைக்கு மினுக்குகிறது, வண்டிக்கு மினுக்காதா என்று கேட்டார். அப்பா இருந்த நிலையில் விளக்கெண்ணெய் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார். ஆளுக்கொரு பக்கம் தடவினோம். என்னையும் விட்டார்கள், அதற்குள் நான் குளித்திருந்தேன். இடது கதவை மட்டும் அப்பா யாரையும் தொட விடவில்லை. தடவி முடித்தபோது வண்டி ஜொலித்தது. வெள்ளைத் திட்டு ஒன்றுகூடத் தெரியவில்லை. அப்பா மூன்று சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அன்றைக்கு முதல் முறையாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம் கிளம்பினோம். உறவுக்காரர்கள் காலையிலேயே மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போய்விட்டார்கள். காரில் அப்பா, மாமா, அத்தை, நான் என்று நான்கு பேர்தான். பானெட்டில் சாமந்தி மாலை. பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும் பெண் அழ வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு வேடிக்கை பார்த்த பிறகு எப்படி வரும்? அத்தை தொடையில் கிள்ளிப் பார்த்தார்.

"பொறந்த வூட்ட வுட்டுப் போறவ இப்பிடியா குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருப்ப? ஊரு இன்னா சொல்லும்?"

மெயின் ரோட்டில் போக வழியில்லை. வயல்காட்டு வண்டிப் பாதையில் போனோம். ஆவணிப் புழுதி. எண்ணெய்ப் பிசுக்கில் அது எப்படி ஒட்டும் என்பதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே பானெட்டின் மினுக்கு போனது. அப்புறம் கறுப்பே போனது. சாம்பல் நிறப் புழுதி, அதற்கடியில் எண்ணெய் வழிந்த இடங்களில் பட்டை பட்டையாக வெள்ளை. அப்பா கண்ணாடி வழியே பானெட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பாதையை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

முதல் மறியல் ஒரு சின்ன ஊரின் வாயிலில். ஒரு பனைமரம் குறுக்கே கிடந்தது. கல்யாண வண்டிக்கெல்லாம் வழி கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தோம். மாமா இறங்கிப் போனார்.

"நானும் நம்ம போராட்டத்துலதாங்க இருக்கேன். எங்கூரு மரத்த நான்தாங்க வெட்டனேன்."

"ரொம்ப நல்லதுங்க. வந்து உக்காருங்க" என்று அவருக்கு இடம் விட்டார்கள்.

மாமா நெளிந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து வயசான ஒருவர் எழுந்து எங்கள் வண்டியை உற்றுப் பார்த்தார். சாம்பல் பூசிய வண்டி, பட்டை பட்டையாகத் திருநீறு, முன்னால் சாமந்தி மாலை.

"யோவ், சாவு வண்டிய நிறுத்தி வெச்சிக்கினு இன்னாய்யா பேச்சு? வழி வுடுங்கய்யா!"

உடனே நாலு பேர் ஓடிப்போய் மரத்தைப் புரட்டினார்கள். பொணம் எங்கே என்று ஒருவர் கேட்டார். எடுக்கத்தான் போகிறோம் என்றார் மாமா. அடுத்த ஊரில் உள்ளே எட்டிப் பார்த்துத்தான் விடுவார்கள், பொணம் இருக்க வேண்டும் இல்லாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி இருக்க வேண்டும் என்று அன்பாக எச்சரித்து அனுப்பினார்கள். மறியலில் மாட்டாமல் தப்பித்தது அப்பா காதில் விழவே இல்லை. சாவு வண்டி என்றதுதான் விழுந்தது.

ஒரு கிணற்றடி வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திக் கூடிப் பேசினோம். பிள்ளைத்தாய்ச்சி என்று மாமா என் பக்கம் திரும்பினார். அத்தை போட்ட சத்தத்தில் கிணற்றிலிருந்த புறா பறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பிள்ளைத்தாய்ச்சி என்று நாலு ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகிறவளை எவன் கட்டுவான்? பொணமாகவும் நான் இருக்க முடியாது, அது அதைவிட அபசகுனம். மீதி மூன்று பேர். அத்தை பொணமாகப் படுக்கக் கூடாது, சுமங்கலி, மனையில் உட்காரப்போகிறவர். மாமா படுத்தால் அத்தையின் தாலிக்கு ஆகாது.

"நான் படுத்துக்கறேன்" என்றார் அப்பா. "எனக்குத்தான் தாலி அறுக்க ஆளு இல்லயே."

அதை அவர் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். கணக்கு சரியாக இருந்தது. அம்மா செத்ததால் கிடைத்த ஒரே சௌகரியத்தை எனக்காக எடுத்துக்கொண்டார். அதைவிடப் பெரியதையும் உடனே செய்தார். சாவியை மாமாவிடம் கொடுத்தார்.

பின் சீட்டில் தலையை என் மடியிலும் காலை அத்தை மடியிலும் வைத்துப் படுத்தார். பானெட்டு மாலையை எடுத்து மார்பில் போட்டோம். கல்யாணப் பெண் என்று தெரியாமலிருக்க எனக்கு அத்தையின் பழைய சேலையைப் போர்த்தினார்கள். வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துக் கட்ட ஒரு துணி வேண்டியிருந்தது. பாலீஷ் துடைக்கும் மல்லுத் துண்டுதான் இருந்தது. அதில் மெழுகு வாசனை போகவே இல்லை. நெற்றியில் காசு வைக்கலாம் என்றார் மாமா.

"காசு வேணாம். காசு வெச்சா நெசமாய்டும்" என்றார் அத்தை.

மாமா வண்டியை எடுத்தார். ஸ்டீயரிங்கோடு இருக்கும் கை கியர், அவருக்குப் பழக்கமில்லை. கரக் என்றது. என் மடியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா கட்டிய தாடைக்குள்ளிருந்து, "கிளச்சு, கிளச்சு" என்றார்.

"நுணலும் தன் வாயால கெடுங்கற மாதிரி ஆயிடப்போவுது, சும்மா இருங்கண்ணா" என்றார் அத்தை. அடுத்த ஊர் வரைக்கும் அந்தப் பிரேதம் மாமாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தது.

அடுத்த ஊரில் நிறையப் பேர் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டிலேயே அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து ஜன்னலில் குனிந்தார். அப்பா மூச்சை நிறுத்தினார்.

அப்போதுதான் நான் குனிந்து முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, மூக்கு நுனியில் தோல் உரிந்து, மீசையில் மெழுகு. தாடைக்கட்டு. மாலை. மூச்சில்லை. இனி இந்த முகத்தை நான் விருந்தாளியாக வந்துதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பெருங்குரலெடுத்து அழுதேன். அத்தை முதலில் மெச்சுகிற மாதிரி பார்த்தார், அப்புறம் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க?" என்றார் வந்தவர்.

"எங்க மாமாங்க" என்றார் என் மாமா. அவருக்குப் பொய் சொல்ல வராது.

"இன்னா ஆச்சிங்க?"

"வெயிலுங்க. நேத்திக்கு பூரா வெயில்ல நின்னுக்கினு வண்டிக்கு பாலீஷ் போட்டாரு."

வந்தவர் நிமிர்ந்து வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார்.

"வண்டியப் பாத்தாலே தெரியுதுங்க" என்றார்.

என் மடியில் அப்பாவின் தலை ஒரு முறை விறைத்தது. நான் அவர் வாயைப் பொத்துவதுபோல் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதேன். கோஷம் நின்றது. உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க எழுந்து, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றது. அழாதம்மா என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். வண்டி நடுவில் ஊர்ந்து போனது. ஊரைத் தாண்டும்வரை நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தாடைக்கட்டை அவிழ்த்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"நெசமா செத்தாக்கூட இத்தினி பேரு எழுந்து நிக்க மாட்டாங்க" என்றார். அப்புறம் மாமாவை இறங்கச் சொன்னார். நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம் கொட்டியது. வண்டி வந்து நின்றதும் மேளம் ஒரு கணம் தடுமாறியது. ஆரத்தித் தட்டோடு நின்ற நாத்தனார் சாம்பல் கோலத்தில் நின்ற வண்டியைப் பார்த்தாள். என்ன சொல்லலாம் என்று யோசிக்கிற முகம். அப்பா அவசரமாக இறங்கி ஓடிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார். நான் இறங்கியதும் கதவைச் சாத்தி, மல்லுத் துண்டால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மெழுகு ஒழுங்காகப் பிடித்திருந்த கதவு அது ஒன்றுதான், அதற்கு எண்ணெயும் படவில்லை. புழுதி அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கறுப்பாக, குளுகுளுவென்று, கண்ணாடியாக நின்றது.

நாத்தனார் ஆரத்தி சுற்றினாள். சுற்றும்போது அவள் கண் என் தோளைத் தாண்டிக் கதவுக்குப் போனது. போன கண் திரும்பவில்லை. இடது கையைத் தூக்கி, சரிந்திருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பா அதைப் பார்த்தார். அன்றைக்கு இரவும் மறுநாள் முகூர்த்தத்திலும் அவர் பந்தலுக்கு வெளியேதான் நின்றார். ஆனால் மணவறையில் உட்கார்ந்திருந்த மாமாவைவிட நிமிர்ந்து நின்றார். அப்புறம் எத்தனையோ வருஷம், நான் வரும்போதெல்லாம், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து முடியும். "ஒன் நாத்தனா பூவு சரி பண்ணுச்சே, எதுல பாத்து பண்ணுச்சி?" என்பார். கதவுல பாத்துப்பா என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாப்பிட வர மாட்டார்.

அப்பா நிஜமாகப் போனபோது அந்த வண்டி இல்லை. அவரை வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியில் தாடைக்கட்டு, நெற்றியில் காசு, மார்பில் சாமந்தி மாலை. வந்திருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஏற்கெனவே பார்த்த முகமாக இருந்தது.

கிழவியாகிவிட்ட அத்தை என் தொடையில் கிள்ளினார்.

"பொய்யிக்குப் படுத்ததுக்கு அப்பிடி அழுத. இப்ப இன்னாடி?"

எடுக்கிற நேரம் வந்தது. அமரர் ஊர்தி ரிவர்ஸில் வாசலுக்கு வந்தது. ஓட்டியவர் அவசரத்தில் கியரைப் போட்டார். கரக்.

நான் அப்பாவின் வாயைப் பார்த்தேன். எதிரில் நின்ற மாமாவும் பார்த்தார்.

இன்னொரு முறை கரக் என்றது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது, அழ ஆரம்பித்தேன்.